ரெண்டாவது கோட்

பட்டி பார்த்த சுவர் காய்ந்ததும் அந்தப் பெயின்டர் உடனே ரோலரைத் தொடமாட்டார். காதில் செருகியிருக்கும் தச்சுப் பென்சிலை எடுத்து வரைய ஆரம்பிப்பார். எப்போதும் அதே நால்வர்: தாடை பெருத்த ஒரு கிழவி, பல்லிடுக்கில் குச்சி வைத்த ஒருவன், சேர்ந்தே திட்டும் இரு சகோதரிகள். இளவயதிலிருந்து அவர் காதுக்குள் குடியிருப்பவர்கள். "வாடகையும் இல்ல, காலி பண்றதும் இல்ல" என்பார்.

வரைந்து முடித்தால் பெயின்ட். "முதல் கோட்ல முனகுவாங்க. ரெண்டாவது கோட்லதான் வாயை மூடுவாங்க." ஒரு கோட் போதும் என்கிற கஞ்சர்களுக்குக்கூட இரண்டாவதை இலவசமாக அடித்துவிட்டுத்தான் ஏணியை இறக்குவார். கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் 'ரெண்டுகோட்டு'. "மாத்திரையையும் நிறுத்தாதீங்க, பென்சிலையும் நிறுத்தாதீங்க" என்றுதான் டாக்டரே சொல்லியிருக்கிறார். ஊரில் பாதிச் சுவர்களுக்குள் அந்த நால்வர் வாயடைத்துக் கிடக்கிறார்கள். யாருக்கு என்ன நஷ்டம்?

நஷ்டமில்லை, லாபமே இருக்கிறது என்று கண்டுபிடித்தவர் ஒரு காப்பீட்டு அலுவலகத்தின் மேலாளர். வரவேற்பறைச் சுவரில் வரைந்துவிட்டு ரெண்டுகோட்டு சாப்பிடப் போயிருந்தார். திரும்பி வந்தால் ரோலரைக் காணோம்.

"இதுமேல பெயின்ட் அடிக்காதீங்க. இது பொக்கிஷம்!"

அடுத்த வாரம் படத்தின்மேல் கண்ணாடி ஏறியது. கண்ணாடியிலேயே ஒரு பித்தளைத் தகடு: 'மனச்சிதைவை வென்ற கலைஞர்'. பெயின்ட் வேலை எடுத்த காண்டிராக்டர் அவர் நோயைப் பற்றி உளறியதைத் தகட்டில் அடித்துவிட்டார்கள். வென்றாராம்! வெல்ல விட்டார்களா? சுவரைக் கேட்காதது போலவே அவரையும் யாரும் கேட்கவில்லை.

பள்ளிக்கூட வேன் ஓட்டும் அவர் மனைவி, பிள்ளைகளை இறக்கிவிட்ட கையோடு மேலாளரிடம் போனார்.

"பெருமைப்படுங்கம்மா. வர்றவங்க எல்லாம் நின்னு பாராட்டிட்டுப் போறாங்க."

"பாராட்டறவங்க ஒரு ராத்திரி எங்க வீட்ல வந்து படுக்கட்டும் சார். மூடாம விட்ட நாலு பேரும் இவரைத் தூங்கவிட மாட்டேங்கறாங்க. சாப்பாட்டுல விஷம்னு சொல்றாங்களாம். நான் வச்ச தட்டையே தள்ளி வைக்கறார். அந்தச் சுவரை மூடிக் கொடுத்திடுங்க, போதும்."

"கலைன்னா கொஞ்சம் வலி இருக்கத்தாம்மா செய்யும்."

வலி ஒருவருக்கு, பாராட்டு இன்னொருவருக்கு. காப்பீட்டுக்காரருக்கு இந்தக் கணக்கு தெரியாதா என்ன?

மறுநாள் அலுவலகம் திறந்ததும் வேனிலிருந்து ஏணி இறங்கியது. மனைவி பிடித்துக்கொள்ள, ரெண்டுகோட்டு கண்ணாடியின்மேலேயே, தகட்டையும் சேர்த்து, ரோலரை ஓட்டினார்.

மேலாளர் ஓடி வந்தார். "கண்ணாடிமேல எவனாவது பெயின்ட் அடிப்பானா? பைத்தியக்காரா!"

தகட்டில் பொறித்த மரியாதை அவ்வளவுதான்.

"கத்தாதீங்க சார். இப்பதான் முதல் கோட் ஆகியிருக்கு" என்றார் மனைவி, ஏணியை விடாமல்.

ரெண்டுகோட்டு திரும்பவே இல்லை. இறங்கி வந்து, புறங்கையால் பெயின்டைத் தொட்டுப் பார்த்தார். பிசுபிசுத்தது. ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்து, ரோலரை மடியில் வைத்துக்கொண்டு, அது காயக் காத்திருந்தார்.