கோவில்பட்டியில் கியர்பாக்ஸைக் கழற்றிய காலை

காலை ஆறே முக்காலுக்கு மதுரையிலிருந்து கிளம்பினேன். அக்கா இறந்துவிட்டாள் என்று அவள் மகன் சண்முகம் தொலைபேசியில் சொல்லி ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது. கோவில்பட்டி வரை நூறு கிலோமீட்டர் நான்குவழிச் சாலை. அங்கிருந்து பசுவந்தனை போகும் சாலையில் இருபது கிலோமீட்டருக்குள் அக்கா வாக்கப்பட்ட ஊர். எனக்கு எழுபத்து நான்கு வயது. கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். காரை நானே ஓட்டுவேன்.

"பதினோரு மணிக்கு எடுக்கலாம்னு இருக்கோம் மாமா. நீங்க கோடியோட வந்துட்டீங்கன்னா..." என்று சண்முகம் பாதியில் நிறுத்தியிருந்தான். இறந்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டுப் புதுச் சேலையை உடன்பிறந்தவன் கொண்டுபோய்ப் போர்த்த வேண்டும். அதுதான் கோடி. அதைப் போர்த்திய பிறகே தூக்குவார்கள். எங்கள் பிறந்த வீட்டில் மிச்சம் இருந்தது நான் ஒருவன்தான்.

விருதுநகரைத் தாண்டி எட்டூர்வட்டம் சுங்கச்சாவடி வரிசையில் நின்றபோது அந்தச் சத்தம் கேட்டது. கிளட்ச்சை மிதித்தால் சாணைக்கல்லில் கத்தி உரசுவது போன்ற கரகரப்பு. காலை எடுத்தால் நின்றுவிடும். சாத்தூர் வரும்வரை இடம் கிடைத்த போதெல்லாம் மிதித்தும் விட்டும் பார்த்தேன். மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் அது ரிலீஸ் பேரிங்; மிதியின் அழுத்தத்தைக் கிளட்ச்சுக்குக் கொண்டுபோகும் வளையம் அது. மிதிக்காமல் நியூட்ரலில் நிற்கும்போது சத்தம் வந்து, மிதித்ததும் அடங்கினால் கோளாறு கியர்பாக்ஸுக்குள் இருக்கிறது. இவ்வளவையும் யோசித்து முடித்தபோது சாத்தூர் பாலம் வந்துவிட்டது. அதுவரை அக்காவை ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

எட்டரைக்குக் கோவில்பட்டி. தீபாவளிக்கு ஒரு வாரம் இருந்ததால் ஜவுளிக்கடைகள் சீக்கிரமே திறந்திருந்தன. அரக்கு நிறத்தில் நூல் சேலை ஒன்று எடுத்தேன், எண்ணூற்று ஐம்பது ரூபாய். "அக்காவுக்கா? இந்த பார்டர் அவியளுக்குப் புடிக்குமா?" என்று கடைப் பெண் என் மனைவியை நினைத்துக் கேட்டாள். பிடிக்கும் என்றேன்.

பசுவந்தனை சாலை பிரியும் இடத்தில் ஒரு பட்டறை இருந்தது. நிறுத்தினேன். முருகேசன் என்ற மெக்கானிக் அரை நிமிடம் சத்தத்தைக் கேட்டார்.

"கியர்பாக்ஸ் பேரிங் அண்ணாச்சி. இந்த மாதிரி வண்டியில அதுதான் மொதல்ல போவும்."

"மிதிச்சாத்தானே சத்தம் வருது? கியர்பாக்ஸா இருந்தா மிதிச்சதும் நிக்கணும்."

"ரொம்பத் தேஞ்சு போச்சுன்னா எப்பிடி வேணும்னாலும் வரும்."

"வராது."

நியூட்ரலில் விட்டுக் காட்டினேன். மிதித்துக் காட்டினேன். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையைக் கியர்பாக்ஸ் கூட்டில் வைத்து, பிடியில் காதை வைத்துக் கேட்கச் சொன்னேன். பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் சிரித்தார்.

"ஏலே முருகேசா, வாத்தியார் பரீட்சை வைக்காரு. பாஸாயிருவியா?"

"நாம என்னைக்கு அண்ணே பாஸானோம்?" என்ற முருகேசன், பின் சீட்டில் கிடந்த பொட்டலத்தைப் பார்த்துவிட்டார். "சேலையா? கேதத்துக்கா போறீய?"

"ஆமா. எங்க அக்கா."

அவர் கையைத் துடைத்தபடி எழுந்தார். "அப்ப இங்கன நிக்கக் கூடாது அண்ணாச்சி. இருபது கிலோமீட்டர்தான, இந்தச் சத்தத்தோடயே போயிரலாம். பயமா இருந்தா வண்டிய விட்டுட்டு பஸ்ல ஏறுங்க. இந்தா, இப்ப ஒண்ணு வரும்."

"அப்ப ரிலீஸ் பேரிங்தான்னு ஒத்துக்கிடுறீங்களா?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அத கழட்டினாத்தான் சொல்ல முடியும்."

"கழட்டுங்க."

"கியர்பாக்ஸ எறக்கணும். மத்தியானம் ஆயிரும்."

"கழட்டுங்க" என்றேன் மறுபடியும். பஸ் வந்து, நின்று, போனது. ஜன்னலோரம் காலியாக இருந்தது.

பத்தரைக்குச் சண்முகம் கூப்பிட்டான். "எங்கன வாரீங்க மாமா?"

"வந்துக்கிட்டே இருக்கேன்."

"மேகம் கருக்குது. மழை விழுந்துட்டா ஓடையத் தாண்டித் தூக்கிட்டுப் போவ முடியாது. சீக்கிரம் வாங்க."

அந்த மண்ணைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும் கரிசல், நல்ல மழை ஒன்று விழுந்தால் பசையாகிவிடும். ஒரு காலை எடுத்து வைப்பதற்குள் அடுத்த காலில் இரண்டு கிலோ மண் ஒட்டும். வெறும் ஆளே நடக்க முடியாது. பாடை தூக்கி நடப்பது எப்படி?

பதினொன்றரைக்கு மறுபடியும் கூப்பிட்டான். கியர்பாக்ஸ் அப்போது சாக்கின் மேல் கிடந்தது. "பசுவந்தனைகிட்ட வந்துட்டேன்" என்றேன். உண்மையைச் சொல்லியிருந்தால் பைக்கில் ஆள் அனுப்பி அழைத்துப் போயிருப்பான். அதனால்தான் சொல்லவில்லை. பேரிங்கைக் கண்ணால் பார்க்காமல் அங்கிருந்து நகர எனக்கு மனமில்லை. இதற்கு வேறு காரணம் உண்டா என்று பல இரவுகள் தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை.

முருகேசன் ரிலீஸ் பேரிங்கை எடுத்து விரலில் மாட்டிச் சுற்றினார். கிரீஸ் வற்றி, கரகரவென்று சுற்றியது. கியர்பாக்ஸ் பேரிங் சத்தமே இல்லாமல் வழுக்கியது. "நீங்க சொன்னதுதான் அண்ணாச்சி" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. டீக்கடைக்காரரைக் கூப்பிட்டு எல்லாருக்கும் டீ சொன்னேன்.

புது பேரிங் வாங்கி வந்து மாட்டி முடிக்க ஒன்றே கால் ஆனது. ஊரைத் தாண்டியதும் மழை பிடித்தது. இருபுறமும் உளுந்தும் மக்காச்சோளமும் நாலு இலை விட்டிருந்தன. மழைக்கு ஏங்கும் சீமை. அன்று அது பெய்ததில் என்னைத் தவிர யாருக்கும் வருத்தம் இருந்திருக்காது.

இரண்டு மணிக்கு அக்கா வீட்டு வாசல். பந்தலுக்குள் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். நான் பொட்டலத்தோடு படியேறப் போனபோது சண்முகத்தின் மனைவி வேகமாக வந்து மறித்தாள். "அத உள்ள கொண்டு வந்துராதீங்க பெரியப்பா. எடுத்தாச்சு."

கோடி யார் போட்டது என்று கேட்டேன். பந்தல் ஓரத்தில் ஈரத்தலையோடு நின்ற ஒருவரைக் காட்டினாள். மாடசாமி, பக்கத்துத் தெருவில் ஆடு வைத்திருப்பவர். அக்காவின் புஞ்சையில்தான் கிடை போடுவாராம். நேரம் போய்க்கொண்டே இருந்ததால், தன் மனைவிக்குத் தீபாவளிக்கு எடுத்து வைத்திருந்த சேலையை வீட்டிலிருந்து கொண்டு வந்து, "எனக்கும் அவிய அக்காதான்" என்று போர்த்தியிருக்கிறார்.

அவரிடம் போய் என் பொட்டலத்தை நீட்டினேன். "இத உங்க வீட்டுல குடுத்துருங்க."

"கோடின்னு எடுத்தத எம் பொஞ்சாதிக்குக் குடுக்க முடியுமா அண்ணாச்சி?" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். பிறகு, பேச்சை மாற்றுவதற்காக, "வண்டிக்கு என்ன செஞ்சுது?" என்று கேட்டார்.

நான் சொன்னேன். மிதித்தால் சத்தம் வந்ததை, மெக்கானிக் கியர்பாக்ஸ் என்றதை, இல்லை ரிலீஸ் பேரிங் என்று நான் சொன்னதை, கழற்றிப் பார்த்தபோது நான் சொன்னதே சரியாக இருந்ததை. இழவு விழுந்த வீட்டுப் பந்தலில் நின்று, விரலைச் சுற்றிச் சுற்றிக் காட்டி விளக்கினேன். சண்முகமும் வந்து நின்று கேட்டான். முடித்த பிறகுதான் என் கை இன்னும் காற்றில் நிற்பது எனக்குத் தெரிந்தது.

"உங்களுக்காக ரெண்டு தடவ பாடைய எறக்கி வச்சோம்" என்றார் மாடசாமி. "ஓடைகிட்ட போவும்போது கார் சத்தம் கேக்குதுன்னு யாரோ சொன்னாவ. எறக்கிட்டோம். பாத்தா டிராக்டரு. அங்கிட்டு ஏறினப்புறம் மறுபடியும் கேட்டுச்சு."

"அது என்ன?"

"இடி."

கிளம்பும்போது சண்முகத்திடம், பதினாறாம் நாள் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேட்டேன். தாயை இழந்தவனுக்கு அன்று தாய்மாமன்தான் தலையில் உருமால் கட்டிவிட வேண்டும்.

"மழைக்காலம், எதுக்கு உங்களுக்கு அலைச்சல்?" என்றான். "உருமா கட்டுறதுக்கு மாடசாமி மாமா இருக்காவ."

மரியாதையாகத்தான் சொன்னான். கார் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, நான் உட்கார்ந்ததும் மெதுவாகச் சாத்தினான். சேலை பின் சீட்டில் இருந்தது. மதுரை வீட்டுக்குள் அதைக் கொண்டுபோக முடியாது என்று தெரிந்தும், வழியில் எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் ஓட்டிக்கொண்டு வந்தேன்.