மழை பெய்தால் ஓடும் மோட்டார்

மாப்பிள்ளையூரணியில் ஒரு ஃபேன்சி ஸ்டோரின் பாதிதான் பொன்செல்வியின் கடை. செல்போன் பழுது பார்ப்பது பிழைப்பு. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள் என்பதால், சின்னக் கருவிகள் செய்து கொடுப்பதில்தான் ஆசை. அதற்கு அவள் வாங்குவது, புரோகிராம் எழுதி ஏற்றக்கூடியவற்றில் இருப்பதிலேயே எளிய மைக்ரோகன்ட்ரோலர் போர்டு. விரல் நீளம்தான் இருக்கும். நடுவில் ஒரு சிப், ஓரத்தில் யுஎஸ்பி குழி, இருபுறமும் வரிசையாகத் துளைகள். வேறொன்றும் கிடையாது. உப்புக்காற்றில் பச்சை பூத்துவிடாமல் இருக்க, அதன் மேல் நெயில் பாலிஷ் பூசிவிடுவாள்.

ஐப்பசி பிறந்ததும் பலசரக்குக் கடை தங்கதுரை வந்தார். கடைக்குப் பின்னால் அவருக்கு வாடகை வீடுகள் உண்டு.

"ஏளா, மழ பெஞ்சா தானா மோட்டார் ஓடணும். நின்னா நிக்கணும். முடியுமா?"

"காம்பவுண்டுல தண்ணி கெட்டி நிக்குதா அண்ணாச்சி?"

"நிக்குது, நிக்குது. நீ டப்பாவ மட்டும் தா. மோட்டார நான் வச்சுக்கிடுதேன்."

மழையை உணரும் தகட்டையும், மோட்டாரைப் போட்டு அணைக்கும் ரிலேயையும் போர்டோடு சேர்த்து டப்பாவில் அடைத்துக் கொடுத்தாள். சும்மா தூறலுக்கு ஓடக்கூடாது, நன்றாகப் பிடித்தால்தான் ஓட வேண்டும் என்று புரோகிராம் எழுதியிருந்தாள்.

மழை வலுத்த ஒரு மத்தியானம், பள்ளத் தெருவில் இருக்கும் பிலோமினாவுக்குப் பழுது பார்த்த போனைக் கொடுக்கப் போனாள். பிலோமினா மீன் விற்பவள். வாசலைத் தாண்டி வீட்டுக்குள் தண்ணீர் ஏறியிருந்தது. அதன் மேல் மஞ்சள் நுரை. நுரைக்கு நடுவே மிதந்ததைப் பார்த்ததும் பொன்செல்வி மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"மீன் நாத்தம் எனக்குப் பழக்கம். இது மனுசன் நாத்தம்ளா," என்றாள் பிலோமினா, விளக்குமாறால் தள்ளியபடியே. "இந்த வருசம் மழ பிடிச்ச ஒடனே வந்துருது. எங்கருந்து வருதுன்னே தெரியல."

பொன்செல்வி தண்ணீர் வந்த வழியே நடந்தாள். தங்கதுரையின் மதிலுக்கு அடியிலிருந்து ஒரு குழாய் கறுப்பாகக் கொட்டிக்கொண்டிருந்தது. மழை விட்டது. சிறிது நேரத்தில் குழாயும் நின்றது. மழை மறுபடி பிடித்தது. குழாயும் கொட்டியது. மதில் ஓரத்திலேயே அவள் வாந்தி எடுத்தாள்.

கடையில் தங்கதுரை சீனி மூட்டைக்குள் கையை விட்டு அள்ளிக்கொண்டிருந்தார்.

"மோட்டார எதுக்குள்ள அண்ணாச்சி எறக்கியிருக்கிய?"

"செப்டிக் டேங்குக்குள்ளதான்," என்று சிரித்தார். "மழத் தண்ணியோட போயிரும், ஒருத்தனுக்கும் தெரியாது. டேங்க் அள்ளுத லாரிய கூப்பிட வேண்டாம் பாரு. ஏரல்ல இருக்க எம் மச்சானும் இதே மாதிரி ஒண்ணு கேக்கான்."

அந்தக் கையையும் சீனியையும் அவளால் பார்க்க முடியவில்லை. பின்பக்கம் போய் மெயினை அணைத்து, டப்பாவைத் திறந்து போர்டைக் கழற்றினாள்.

"ஏளா, அது எம் பொருள்!" என்று கத்திக்கொண்டே அவள் கடை வரைக்கும் வந்தார்.

"பொருள் ஒங்களுதுதான். எழுதுனது நானு." லேப்டாப்பில் செருகி, எழுதியதை அழித்து, வெறும் போர்டை நீட்டினாள்.

"இத வச்சு நான் என்னளா செய்ய?"

"லாரிக்குப் போன் போடுங்க."

பிறகு பிலோமினா வீட்டுக்கே திரும்பிப் போய், அந்த மோட்டாரை ஓட்டிய கருவி தான் செய்ததுதான் என்று சொன்னாள். குழாய் எங்கே போகிறது என்று கேட்காமல் செய்துவிட்டதையும் சொன்னாள்.

பிலோமினா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

"போய் பினாயில் வாங்கிட்டு வா. அவன் கடையில வாங்கிறாத."