ஐசக் இன்ஸ்பெக்டருக்கு ஒரு பட்டப்பெயர்

"அலினா, என் முதுகுக்குப் பின்னால அவங்க என்னை என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டிருப்பாங்க?"

வாகட் மேம்பாலத்துக்குக் கீழே சிக்னலில் வண்டி நின்றிருந்தபோது ஐசக் பெரியப்பா இப்படிக் கேட்டார். "உங்களுக்கு யார் பெரியப்பா பேர் வைப்பாங்க?" என்று சொல்லிச் சமாளித்தேன். அது பதில் இல்லை என்று அவருக்கும் தெரியும். சிக்னல் விழுந்தது. வண்டியை எடுத்தேன்.

ஐசக் பெரியப்பா என் அப்பாவின் அண்ணன். மராட்டி பேசும் எங்கள் நகரத்தில், கட்கி பகுதியில் பிறந்து வளர்ந்தவர். சாகணில் பிரேக் டிரம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தர ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வரிசையில் வரும் ஒவ்வொரு டிரம்மையும் சின்னச் சுத்தியலால் தட்டி ஓசை கேட்பார், அளவு பார்ப்பார். சரியில்லை என்றால் சிவப்பு அட்டை கட்டித் திருப்பி அனுப்புவார். கிட்டத்தட்ட முப்பது வருடம் இதுதான் அவர் வேலை.

அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மேலதிகாரி ஒருவர் அவரிடம் ஒன்று சொன்னாராம். இன்ஸ்பெக்டர் மற்றவன் டிபனில் கை வைக்கக் கூடாது, அவன் சோற்றைத் தின்றுவிட்டு அவன் சாமானைத் திருப்பி அனுப்ப மனசு வராது. பெரியப்பா அதை அப்படியே பிடித்துக்கொண்டார். கேன்டீனில் தனி மேசை. கட்கியிலிருந்து கம்பெனி பஸ் இருந்தும் அதில் ஏறவில்லை. மழையிலும் வெயிலிலும் மோஷி வழியாக வெள்ளை ஸ்கூட்டரில் போய்வந்தார். "பஸ்ல பக்கத்துல உட்கார்ந்தவன் நாளைக்கு 'சார், இந்த ஒரு லாட்டை விட்டுடுங்க'ன்னு கேட்பான்" என்பார். யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை. கேட்கிற அளவுக்கு யாரும் நெருங்கவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு, அதே தொழிற்சாலையில் வேலை பார்த்த டெக்ஸ்டர் அங்கிள்தான் பழைய ஆட்களின் மாதாந்திரச் சந்திப்புக்கு அவரைக் கூப்பிட்டார். வாகட்டில் ஒரு பப். ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஐடி பையன்கள் வந்து பாட்டு அலறும் இடம். சாயங்காலம் காலியாகக் கிடக்கும், ஒரு பீர் வாங்கினால் இன்னொன்று இலவசம். அந்த நேரம்தான் இவர்களுடையது. பெரியப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆனதிலிருந்து இருட்டிய பிறகு ஓட்டக் கூடாது. நான் பன்னிரண்டாவது முடித்துவிட்டு அடுத்து என்ன என்று தெரியாமல் வீட்டுக்குள் சுற்றிக்கொண்டிருந்ததால் அந்த வேலை எனக்கு வந்தது. எனக்கு ஒரு லைம் சோடா.

பிலிஸ் பெரியம்மா கிளம்பும்போதெல்லாம் கேட்பார்: "அங்க போய் என்ன பண்றீங்க? பீர் குடிக்கவா, இல்ல பீருக்கு சர்டிஃபிகேட் குடுக்கவா?"

அந்த மேசையில் வழக்கமாக மூன்று பேர் இருப்பார்கள். டெக்ஸ்டர் அங்கிள் இயந்திரப் பிரிவில் இருந்தவர், பட்டப்பெயர் 'ஓவர்டைம்'. கேஷவ் அங்கிள் ஸ்டோர்ஸ். பஸ் மோஷியைத் தாண்டுவதற்குள் மதியச் சாப்பாட்டை முடித்துவிடுவாராம், அதனால் 'டிபன்'. ஜக்தாப் அங்கிள் மராட்டிக்காரர், அசெம்பிளி. ஜன்னல் சீட் கிடைக்காவிட்டால் அடுத்த பஸ்ஸில் வருவேன் என்று சண்டை போட்டவர், 'கிடக்கி'. கிடக்கி என்றால் ஜன்னல். அத்தனை வருடம் தமிழர்கள் நடுவில் உட்கார்ந்து வந்ததில் அவருக்குத் தமிழ் பேச வரும். இலக்கணம்தான் வராது.

"டேய் டிபன், கடலை மசாலாவை இந்தப் பக்கம் தள்ளு."

"கிடக்கி, இங்க ஜன்னல் இல்லடா, ஏன் மூலையில போய் உட்கார்ற?"

"இங்கே டாய்லெட் பக்கம். இந்த வயசுக்கு அதுதான் ஜன்னல்."

இப்படி அவர்கள் ஒருவரையொருவர் வாரிக்கொண்டே இருப்பார்கள். பேச்சு பெரியப்பா பக்கம் திரும்பினால் மட்டும் தோள்கள் கொஞ்சம் நிமிரும். "சாருக்கு இன்னொன்னு சொல்லட்டுமா?" "சார் சொன்னா சரியா இருக்கும்." வெறும் ஐசக் என்று கூப்பிடுங்கள் என்று அவர் ஒருமுறை சொன்னார். "சரி சார்" என்றார்கள்.

அந்த மாதம் வீடு திரும்பும் வழியில்தான் சிக்னலில் அந்தக் கேள்வியைக் கேட்டார். நிச்சயம் ஒரு பெயர் இருக்கிறது, கேட்க முடியாத அளவுக்கு மோசமாக இருப்பதால் மறைக்கிறார்கள் என்று அவர் நினைத்தார். அது தெரிந்துவிட்டால் அவர்களில் ஒருவராக உட்காரலாம். தெரியாவிட்டால் இனி போவதில் பொருளில்லை. பெரியம்மாவிடம் இதைத்தான் சொல்லியிருக்கிறார்.

அடுத்த மாதம் முதல் பீர் முடிவதற்குள்ளேயே கேட்டுவிட்டார்.

"டெக்ஸ்டர், எனக்கு என்ன பேர் வெச்சிருந்தீங்க?"

"என்ன பேர் சார்?"

"எல்லாருக்கும் இருக்கு. எனக்கும் இருந்திருக்கும். கெட்ட வார்த்தையா இருந்தாலும் பரவாயில்ல. சொல்லுங்க."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டெக்ஸ்டர் அங்கிள் கோப்பையைத் துடைத்தார். கேஷவ் அங்கிள் என்னைப் பார்த்தார். பெரியப்பா, "அலினா இருக்கட்டும், அவ கேட்காத வார்த்தையா?" என்றார்.

"அது இல்ல சார்" என்றார் கேஷவ் அங்கிள். "உங்களுக்குப் பேரே வைக்கல."

"நீங்க கிட்ட நாங்க பொய் சொல்லாது சார்" என்றார் ஜக்தாப் அங்கிள்.

பெரியப்பா நம்பவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு நம்பினார் என்பது தெரிந்தது, ஏனென்றால் அவர் குரல் உயர்ந்தது. வீட்டில்கூட அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

"முப்பது வருஷம் உங்க சாமானைத் திருப்பி அனுப்பியிருக்கேன்! டெக்ஸ்டர், தீபாவளிக்கு முந்தின நாள் உன் லாட் முழுசுக்கும் சிவப்பு அட்டை கட்டினேன். போனஸ் போச்சு உனக்கு. ஒரு கெட்ட பேர்கூட வைக்கத் தோணலியா?"

"கோவம் வந்தது சார். ஏன் வராது? வாய்க்கு வந்ததெல்லாம் திட்டினேன். பஸ்ல ஏறினதும் இவன் சாப்பாட்டைத் திறப்பான், அவன் ஜன்னலுக்குச் சண்டை போடுவான், மறந்துடும். பேரெல்லாம் பஸ்லதான் சார் பொறந்தது. நீங்க பஸ்ல இல்லியே" என்றார் டெக்ஸ்டர் அங்கிள்.

வெயிட்டர் வந்து, இலவச பீரை இப்போதே கொண்டுவரலாமா என்று இந்தியில் கேட்டான். கொண்டுவரச் சொன்னார்கள்.

"அதனால என்ன? இப்ப வைக்கலாம்" என்றார் ஜக்தாப் அங்கிள். "லால் சீட்டு. சிவப்பு அட்டை. நல்லா இருக்கு."

"சாதாரணமா இருக்குடா. 'சுத்தியல்'னு வைக்கலாம்" என்றார் டெக்ஸ்டர் அங்கிள்.

"ஸ்கூட்டர்?" என்றார் கேஷவ் அங்கிள்.

பெரியப்பா ஒவ்வொன்றையும் கேட்டார். வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு மறுப்பாகத் தலையசைத்தார்.

"வேண்டாம். கேட்டு வாங்கினா அது பட்டப்பெயர் இல்ல. நீங்க எனக்காகப் பாவம் பார்த்து வைக்கிறீங்க. இது ஒண்ணும் தேறாது."

டெக்ஸ்டர் அங்கிளுக்கு முகம் சிவந்துவிட்டது. கோப்பையை நங்கென்று வைத்தார். "அரே, என்ன மனுஷன்யா நீ! தீபாவளிக்கு என் டிரம்மைத் திருப்பின, இப்ப உனக்கு வெச்ச பேரையும் திருப்புற! ரிட்டயர் ஆனாலும் உன் கை அடங்காதா?"

அவர் பெரியப்பாவை 'நீ' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகுதான் அவருக்கே அது உறைத்தது. கேஷவ் அங்கிள் புரையேறும்வரை சிரித்தார். பெரியப்பாவும் சிரித்தார். ஆனால் எந்தப் பெயரையும் ஏற்றுக்கொள்ளவில்லை.

பில் வந்தபோது ஜக்தாப் அங்கிளுக்கு ஒரு யோசனை. "சார், நாங்க கட்கி பஸ். தளேகாவ் பஸ் வேற. அது கூட்டம் ரொம்ப மோசம். மேனேஜர் பொண்டாட்டிக்குக்கூட பேர் வெச்சான். உங்களுக்கு அங்கே வெச்சிருக்கும்."

பெரியப்பா கார்டை பில்லின்மேல் வைத்துக்கொண்டே, "அப்படியா?" என்றார். அடுத்த மாதமும் கிளம்பினார். போனதும் முதலில் கேட்டது, தளேகாவ் பஸ்காரர்கள் யாராவது இன்னும் தொடர்பில் இருக்கிறார்களா என்பதுதான். யாரிடமும் எண் இல்லை. அந்தப் பக்கத்துக்காரர்கள் பாதிப் பேர் வேலை முடிந்ததும் ஊருக்குப் போய்விட்டார்கள். டெக்ஸ்டர் அங்கிள் 'நீ'யிலிருந்து மறுபடி 'சார்' என்பதற்குத் திரும்பிவிட்டார், இடையிடையே தடுமாறினாலும்.

இதை எழுதலாமா என்று பெரியப்பாவிடம் கேட்டேன். "எழுது. கம்பெனி பேர் வேண்டாம்" என்றார். கொஞ்சம் யோசித்து, "எவனாவது பேர் சொன்னா, அதை நல்லதா மாத்திச் சொல்லாதே. இருக்கிறபடியே சொல்லு" என்றார்.

அதனால் இதைப் படிப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். சாகணில் பிரேக் டிரம் செய்த இடத்துக்குத் தளேகாவிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போய்வந்த யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். உங்கள் மாமாவாக இருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம், இப்போது தமிழ்நாட்டில் எங்கோ இருக்கலாம். வெள்ளை ஸ்கூட்டரில் வந்த ஐசக் இன்ஸ்பெக்டரை அவருக்கு நினைவிருக்கும். இந்தக் கதையை அவருக்கு அனுப்புங்கள். தமிழ் படிக்க வராதவர் என்றால் வாசித்துக் காட்டுங்கள். அவர் சிரித்தால், ஏன் சிரித்தார் என்று கேட்டு எனக்குச் சொல்லுங்கள்.