முதல் மூன்று மணி நேரம்

நான் சொன்னது உண்மை. அந்த உண்மையின் பேரில் ஒரு பெண்ணைக் கைக்குழந்தையோடு வீட்டைவிட்டு அனுப்பினார்கள் என்றால், அதில் என் பங்கு எவ்வளவு?

திருவொற்றியூரில் கடலை ஒட்டிய எங்கள் தெருவில், எதிர்வீட்டு மருமகளுக்கு மேலுதடு பிளந்த ஆண் குழந்தை பிறந்தது. அவள் எண்ணூருக்கு அப்பால் காட்டுப்பள்ளிப் பக்கத்துப் பெண். கணவன் விசைப்படகில் கடலுக்குப் போனால் திரும்பப் பத்து நாளாகும். வீட்டில் மாமியார் வைத்ததுதான் சட்டம். ஏழாம் மாதத்தில், கிரகணம் பிடித்திருந்த நேரத்தில், மருமகள் அரிவாள்மனையில் உட்கார்ந்து சங்கரா மீன் அரிந்தாள். அதனால்தான் பிள்ளையின் உதடு அறுந்தது என்று அந்த அம்மாள் தீர்ப்புச் சொல்லிவிட்டார். தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்ற மிரட்டல் தினமும் தெருவுக்குக் கேட்டது.

நான் அப்போது விலங்கியலில் முதுகலை முடித்து, வரிக்குதிரை மீனின் கருவை ஆராயும் ஆய்வகம் ஒன்றில் சேர்ந்திருந்தேன். வீட்டிலும் ஒரு கண்ணாடித் தொட்டியில் நான்கு ஜோடிகள் இருந்தன. அடியில் கோலிக்குண்டுகளைப் பரப்பி வைப்பேன். இல்லையென்றால் இட்ட முட்டைகளை அவையே தின்றுவிடும். விடிந்து வெளிச்சம் பட்டதும் முட்டையிடும். ஒற்றைச் செல் இரண்டாகி, நான்காகி, மறுநாளே இதயம் துடிக்கும். எந்த மரபணு எப்போது விழித்து எதைக் கட்டச் சொல்கிறது என்று கண்டறிவதே எங்கள் வேலை. கண்ணாடிபோன்ற அந்தக் கருவைப் பார்த்தால் எவருடைய மூடநம்பிக்கையும் கரைந்துவிடும் என்று நான் மனமார நம்பினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆய்வகத்தில் அனுமதி கேட்டு வாங்கிவந்த பழைய நுண்ணோக்கியை வாசலில் வெயில் விழும் இடத்தில் வைத்தேன். அன்று விடியலில் இட்ட முட்டைகள். தெருப் பெண்களைக் கூப்பிட்டு, முதலில் எதிர்வீட்டு மாமியாரைப் பார்க்கச் சொன்னேன்.

“இன்னாம்மே இது, சவ்வரிசி கணக்கா கீது?” என்றார் அவர், ஒரு கண்ணை மூடிக்கொண்டு. “இத்த கொழம்பு வெச்சா பூனைக்குக் கூட காணாதே! இதுக்கா உன்ன அவ்ளோ படிக்க வெச்சான் உங்கப்பன்?”

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். மருமகளும் பிள்ளையை மார்போடு அணைத்தபடி சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தைரியம் தந்தது.

“பெரிம்மா, வயித்துப் புள்ளைக்கு உதடு ரெண்டு மாசத்துக்குள்ளயே சேந்துடும். கிரகணம் வந்தது ஏழாம் மாசம். அன்னிக்கு மீன் அரிஞ்சதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல” என்றேன்.

அவர் விரல்விட்டு மாதங்களை எண்ணினார். யோசித்தார். அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் நுண்ணோக்கியின் அடியில் மூன்று மணி நேரக் கரு இருந்தது; அதைப் பற்றிச் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

“இப்ப பாத்தீங்களே, இந்தக் கருவோட சொந்த ஜீன் இப்பதான் முழிக்குது. முட்டையா இருந்தப்பவே அம்மா மீன் உள்ள வெச்ச கட்டளைதான் மொத மூணு மணி நேரம் எல்லாத்தையும் நடத்தும்.”

“அம்மா வெச்சதா?”

“ஆமா பெரிம்மா.”

“அப்பன்?”

“அந்த நேரத்துல அப்பாவோட ஜீன் இன்னும் வேலைய ஆரம்பிக்காது...”

அவர் நிமிர்ந்தார். “கேட்டுக்கினீங்களாடி? படிச்சவ வாயால வந்திச்சு. எம்புள்ள மேல தப்பு இல்ல. கிரகணமும் இல்ல. எல்லாம் இவ வயித்துல, இவ ரத்தத்துல கீது!”

நான் பதறினேன். அது மீன், மனிதக் கரு வேறு, தந்தையின் மரபணுவும் சரிபாதி, மேலுதடு பிளப்பதற்கு இன்னதுதான் காரணம் என்று பெரும்பாலும் எவராலும் சுட்டிக்காட்ட முடியாது என்றெல்லாம் சொன்னேன்.

“அப்ப இந்தப் புள்ளைக்கு எதனால வந்திச்சு? சொல்லு.”

“தெரியாது பெரிம்மா.”

“தெரியாதுன்னா இன்னாத்துக்குடி எங்கள கூப்ட்டு குந்த வெச்ச? பேஜாரு!”

இரண்டு நாளில் மருமகள் துணிமூட்டையோடு புறப்பட்டாள். பேருந்து நிறுத்தம்வரை நான் உடன் போனேன். மன்னிப்புக் கேட்பதற்கான சொற்களை வழியெல்லாம் அடுக்கிக்கொண்டே நடந்தேன். அவளே முந்திக்கொண்டாள்.

“கிரகணம்னு சொல்லிகினு இருந்தப்ப அந்த ஒரு நாள்தான் தப்புக்கா. அடுத்த புள்ளைக்கு ஜாக்கிரதையா இருந்துக்கலாம்னு நெனச்சேன். இப்ப நானே தப்புன்னு ஆயிடுச்சு. நான் இன்னா பண்ணட்டும், சொல்லு?”

எண்ணூர்ப் பக்கம் போகும் பேருந்து வந்தது. ஏறிவிட்டாள்.

கடலிலிருந்து திரும்பிய கணவனிடம் மூன்று முறை பேசினேன். நல்லவன்தான். ஒவ்வொரு முறையும் தலையாட்டிவிட்டு, “அம்மாகிட்ட நீயே சொல்லுக்கா” என்றான். அரசு மருத்துவமனையில் உதட்டைத் தைக்கலாம் என்று விசாரித்து வந்ததும் நான்தான். அதை மட்டும் அவன் கேட்டுக்கொண்டான். தையல் ஆறிய பிறகே அவளையும் பிள்ளையையும் வீட்டுக்கு அழைத்துவந்தார்கள். ‘ரத்தம்’ என்ற பேச்சு மட்டும் அந்த வீட்டில் தங்கிவிட்டது. தெருவில் வேறு பெண்களைப் பற்றியும் அப்படிப் பேசத் தொடங்கினார்கள். என் பெயரைச் சொல்லியே பேசினார்கள்.

நான் ஆய்வை விடவில்லை. இப்போது யாராவது பிள்ளையின் குறையைப் பற்றிக் கேட்டால், அந்த வீட்டில் பழி யார்மேல் விழுந்திருக்கிறது என்று முதலில் விசாரிக்கிறேன். காரணம் தெரியாதபோது, தெரியாது என்பதையே முதல் வாக்கியமாகச் சொல்கிறேன்.