ஒரு ஆளுக்கு ஒரு ரவுட்டர்

மக்களே, நீங்கள் இரண்டு பேரும் படிப்பதற்காக இதை எழுதுகிறேன். ஒருத்தி மஸ்கட்டில், ஒருத்தன் பெங்களூரில். நம் வீட்டு இன்டர்நெட்டைப் பற்றிப் பேச்சு வந்தால், "அப்பா ஏதோ மலிவா ஒரு பெட்டி வாங்கிப் போட்டிருக்காரு" என்று சிரிப்பீர்கள். மலிவுதான். ஆனால் அதை வாங்கப் போன அன்று கடையில் நடந்ததும், பிறகு வீட்டில் நடந்ததும் உங்களுக்குத் தெரியாது.

மகளே, உன் பிரசவத்துக்கு என்று உங்கள் அம்மா மஸ்கட்டுக்கு வந்தாள். முதலில் சொன்ன நாள் முடிந்தது. நீ ஆஸ்பத்திரி டியூட்டிக்குத் திரும்பியதும், பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டுமென்று இன்னும் கொஞ்ச நாள் இருந்தாள். அந்தக் கொஞ்ச நாளும் நீண்டது. நான் குறை சொல்லவில்லை. பிள்ளையை வேறு யார் பார்ப்பார்கள்?

பகலில் எனக்கு ஒன்றும் தெரியாது. கொத்து வேலைக்குப் போனால் மண்ணும் சிமென்டும் ஆட்களின் சத்தமும் சரியாக இருக்கும். சாயங்காலம் குளித்துவிட்டு, சோறு வடித்து, சமையலறையில் தட்டை வைத்து உட்காரும்போதுதான் சோறு இறங்காது. அந்த நேரத்தில் உங்கள் அம்மாவின் குரல் பக்கத்தில் கேட்க வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

நம் வீடு இருக்கும் இடம் உங்களுக்குத் தெரியும், இரண்டு மாநில எல்லை. முன்னறையில் நின்றால் போனுக்குக் கேரளத்து டவர். சமையலறைக்குப் போனால் தமிழ்நாட்டு டவர், அதுவும் நிலைத்து நிற்காது. நடுவில் கடக்கும்போது போன் "வருக" என்று ஒரு செய்தி காட்டும், பேசிக்கொண்டிருந்த ஆள் போய்விடும். உங்கள் அம்மா ஏதோ சொல்ல வாயைத் திறந்திருப்பாள், படம் அப்படியே உறைந்து நிற்கும். முற்றத்தில் நின்றால் பேசலாம். ஆனால் முற்றத்தில் நின்றுகொண்டு எப்படிச் சாப்பிடுவது?

அதனால்தான் கேபிள்காரரிடம் சொல்லி லைன் எடுத்தேன். லைனும் அது வந்து முடியும் சின்னப் பெட்டியும் அவர் தருவார், ரவுட்டர் நாமே வாங்க வேண்டும் என்றார். மகனே, நீ அன்றைக்கே போனில், "நல்லதா பாத்து வாங்குங்கப்பா, பைசா நான் அனுப்புகேன்" என்றாய். எனக்கு மலிவாக ஒன்று போதும் என்று பட்டது.

பாறசாலை ஜங்ஷனில் ஒரு கடை. தனுவச்சபுரம் காலேஜில் படித்த பெண், முப்பது வயதுக்குள் இருக்கும், அவள்தான் கல்லாவில். ரவுட்டர் வேண்டும் என்றேன்.

"வீட்ல எத்தன பேருண்டு மாமா?"

"நாலு பேரு."

அவள் மேல் தட்டிலிருந்து பெரிய பெட்டி ஒன்றை எடுத்துப் பிரித்தாள். மல்லாந்து கிடக்கும் நண்டு மாதிரி நாலு பக்கமும் ஆன்டெனா.

"நாலு பேரு ஒரே நேரத்துல பாத்தா இதாக்கும் நல்லது. டிவி, லேப்டாப்பு, போனு எல்லாத்துக்கும் பத்தும்."

"எனக்கு இவ்வளவு பெருசு வேண்டாம் மக்கா. மலிவா ஒண்ணு இல்லியா?"

"மலிவா உண்டு. நாலு பேருக்கு அது எப்பிடிப் பத்தும்? பிள்ளைய என்ன படிக்குவு?"

"படிப்பெல்லாம் முடிஞ்சு. மவ மஸ்கட்டுல. மவன் பெங்களூருல."

"மாமி?"

"மவளுக்க கூட."

அவள் கையிலிருந்த பெட்டியை மேசையில் வைத்தாள். "பின்ன நாலுன்னு சொன்னது?"

"ரேஷன் கார்டுல நாலாக்கும்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் சார்ஜர் வாங்க நின்ற ஒருவர் விடவில்லை. "அண்ணாச்சி, மஸ்கட் வரைக்கும் ரேஞ்சு எட்டணும்னா தென்ன உயரத்துல ஆன்டெனா வேணும். இந்தக் கடையில கிட்டாது." நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன்.

இதில் என் பிசகு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. நம் ஊரில் வீட்டில் எத்தனை பேர் என்று யார் கேட்டாலும், பஞ்சாயத்து ஆளாகட்டும், ஓட்டுக் கேட்டு வருகிறவராகட்டும், கார்டில் உள்ளதைத்தான் சொல்வோம். மகளே, உனக்குக் கல்யாணம் ஆன பிறகும் உன் பேரை வெட்டவில்லை. "கெடக்கட்டு, அவ பேரு நமக்கென்ன பாரமா?" என்று உங்கள் அம்மா சொன்னதும் அப்படியே விட்டுவிட்டோம். அந்த நாலு என் நாக்கில் தங்கிவிட்டது.

சார்ஜர்க்காரர் போன பிறகு அந்தப் பெண் மறுபடியும் கேட்டாள். இந்தத் தடவை சத்தத்தைக் குறைத்து.

"இப்ப வீட்ல இருக்கியது எத்தன பேரு மாமா?"

தமிழில் சொல்ல வாய் வரவில்லை. "ஞான் மாத்ரமே உள்ளூ" என்றேன். நான் மட்டும்தான் என்பதை மலையாளத்தில் சொன்னால் வேறு யாரோ சொல்வதுபோல் இருந்தது.

அவள் கீழ்த் தட்டிலிருந்து சின்னப் பெட்டி ஒன்றை எடுத்தாள். இரண்டே ஆன்டெனா. சுவர் எப்படி என்று கேட்டாள். வெட்டுக்கல் என்றேன். "அப்ப இது போதும் மாமா. பெரிசுல ரெண்டு அலை உண்டு. ஒண்ணு வேகமாட்டு ஓடும், ஆனா கல்லுச் செவரு கண்டா நின்னுடும். மற்றது மெதுவாட்டு போனாலும் செவரத் தாண்டும். இதுல அந்த மெதுவா போறது மட்டும்தான். ஒரு ஆளு வீடியோ பாத்துப் பேச இது தாராளம்." பெரிதை விற்றால் அவளுக்குத்தான் லாபம். அவள் அப்படிச் செய்யவில்லை. பெட்டியைப் பையில் போட்டுத் தரும்போது, "வீட்டுக்கு நடுவுல வையுங்க" என்றும் சொன்னாள்.

நடுவில் வைக்கும் எண்ணம் எனக்கு இல்லை. லைன் முன்னறை வழியாக வருகிறது, டிவி பக்கத்தில் இருக்கட்டும் என்றேன். கேபிள்காரர் அங்கேயே மாட்டினார். முன்னறையில் எல்லாம் பளிச்சென்று வந்தது. போனைக் கையில் பிடித்துக்கொண்டு நானும் அவரும் சமையலறைக்கு நடந்தோம். போகப் போகச் சிக்னல் கோடு குறைந்து, அடுப்பு பக்கத்தில் ஒன்றுமில்லாமல் ஆனது. அவர் சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"அண்ணே, இது வீடா, சப் ஜெயிலா?"

உங்களுக்கு இது நினைவிருக்காது. இந்த வீட்டை நான் ஒரே மூச்சில் கட்டவில்லை. முதலில் சமையலறையும் ஒரு அறையும். நீங்கள் பிறந்த பிறகு நடு அறை. மகன் பள்ளிக்கூடம் போகும்போது முன்னறை. ஒவ்வொரு தடவையும் பழைய வெளிச்சுவரை இடிக்க மனம் வராமல் அப்படியே விட்டு, அதை ஒட்டி அடுத்ததைக் கட்டினேன். மழையும் வெயிலும் தாங்க வேண்டிய சுவர்கள் இரண்டு இப்போது வீட்டுக்குள்ளே நிற்கின்றன. எல்லாம் என் கையால் கட்டியது. யாரைக் குறை சொல்ல?

கேபிள்காரர் போன பிறகு நானே உளி எடுத்தேன். கல்லும் கல்லும் சேரும் இடத்தில் பூச்சு எங்கே இளகும் என்று எனக்குத் தெரியும். வயர் நுழைகிற அளவுக்குத் துளை போட்டு, ரவுட்டரை நடு அறைக்குக் கொண்டுபோனேன். நீங்கள் இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டு படித்த அறை. இப்போது அங்கே காய்ந்த தேங்காயும், பயன்படாத சாரப் பலகையும் கிடக்கின்றன. புத்தகம் வைக்கும் தட்டில் ஒரு மூலையைத் துடைத்து வைத்தேன். பச்சை விளக்கு எரிந்தது. சமையலறைக்குப் போய்ப் பார்த்தேன். கோடு நிறைய இருந்தது.

அன்று சாயங்காலம் மரச்சீனிக் கிழங்கு அவித்து, பூவாரில் இருந்து வந்த சாளை மீனில் குழம்பு வைத்தேன். தட்டை வைத்துக்கொண்டு கூப்பிட்டேன். உங்கள் அம்மாவின் முகம் தெளிவாக வந்தது. மூக்குத்தி மின்னியதுகூடத் தெரிந்தது.

"சாப்பிட்டியளா?"

"சாப்பிடுகேன்."

"அங்க மழ உண்டா?"

"உண்டு. கிணத்துல வெள்ளம் ஏறியாச்சு."

"செரி. பிள்ள முழிச்சிற்று. வைக்கட்டா?"

வைத்துவிட்டாள். போனைப் பார்த்தேன். கோடு குறையவில்லை, எதுவும் உறையவில்லை. தட்டில் மரச்சீனி இன்னும் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும். முன்பெல்லாம் டவர் அறுத்துவிடும். அறுந்த பிறகு, இன்னும் எவ்வளவோ பேச வந்திருப்பாள், இந்தப் பாழாய்ப்போன டவர் விடவில்லை என்று நினைத்துக்கொண்டு மிச்சச் சோற்றைச் சாப்பிடுவேன். இப்போது குறை சொல்ல டவர் இல்லை. எங்களுக்குள் பேச இருந்ததே அவ்வளவுதான்.

யோசித்துப் பார்த்தேன். அவள் இங்கே இருந்தபோதும் நாங்கள் என்ன பேசினோம்? அவள் அடுப்பில் நிற்பாள். நான் கதவோரம் உட்கார்ந்து சாந்து பூசும் கொல்லூறில் ஒட்டிய சிமென்டைச் சுரண்டிக்கொண்டிருப்பேன். உப்பு போட்டாச்சா, கரண்டு பில்லு வந்ததா, இவ்வளவுதான் பேச்சு. மிச்ச நேரம் பாத்திரச் சத்தம். நான் தேடியது அவள் பேச்சை இல்லை போலிருக்கிறது.

அடுத்த நாள் அவள் வைக்கட்டா என்று கேட்டபோது, "ஏட்டி, வைக்காத" என்றேன்.

"பின்ன என்ன பேச?"

"ஒண்ணும் பேச வேண்டாம். போன எங்கயாவது சாரி வச்சிற்று நீ வேலயப் பாரு."

"இதென்ன கோட்டி? மவ கண்டா சிரிப்பா."

"சிரிச்சா சிரிக்கட்டு."

பிறகு அரிசி டப்பாவில் போனைச் சாய்த்து வைத்தாள். அவள் தோளில் பாதி தெரிந்தது. கரண்டி தட்டும் சத்தம், உங்கள் வீட்டு விசிறியின் இரைச்சல், எங்கோ கார் போவது, எல்லாம் வந்தது. நான் சோற்றைப் பிசைந்தேன்.

நடுவில் பிள்ளை அழுதது. அவள் போய்விட்டாள். திரையில் உன் சமையலறைச் சுவர் மட்டும். மகளே, குழாய்க்கு மேலே இரண்டாவது வரிசையில் ஒரு டைல் கோணலாக ஒட்டியிருக்கிறார்கள். நீ கவனித்திருக்க மாட்டாய். எந்த ஊர்க்காரன் ஒட்டினானோ, வேலை முடியும் நேரத்து அவசரத்தில் ஒட்டியிருப்பான். அந்த டைலையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன். உள்ளே எங்கோ அவள் பிள்ளையைத் தட்டித் தூங்க வைப்பது மெதுவாகக் கேட்டது.

அவள் திரும்பி வந்து நேரே பாத்திரம் கழுவத் தொடங்கினாள். நானும் எழுந்து, சத்தம் வராமல் என் தட்டைக் கழுவினேன்.