உரம் விழுந்த பிள்ளை

மணிமொழி என் தங்கச்சி சின்னப்பொண்ணுவின் ஒரே மகள். எங்கள் அம்மா பெற்றது எட்டு, நின்றது ஐந்து. அந்த ஐந்தில் நான் மூத்தவன், சின்னப்பொண்ணு கடைசி. ரிஷிவந்தியத்தில் நடவுக்கும் களைக்கும் போய்த்தான் மகளை நர்ஸுக்குப் படிக்கவைத்தாள். மணிமொழிக்கு வெள்ளிமலைக்கு மேலே ஒரு சிற்றூரில் ஒப்பந்த வேலை. நான்கு வருடமாக ஜீப்பில் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறாள்.

போன வைகாசியில் ஒரு காகிதத்தோடு வந்து நின்றாள்.

"மாமா, கொழந்தைங்கள மட்டும் பாக்குற நர்ஸுக்கு ஒரு வருசம் பயிற்சியாம். கள்ளக்குறிச்சியில ஜெஸி நினைவு அறக்கட்டளைன்னு இருக்கு, அவங்க படிக்க வைக்கிறாங்க. ஒரே ஒரு எடம். கூட வரீங்களா?"

"நர்ஸுன்னா எல்லாரையும் பாக்குறதுதானே? கொழந்தைக்குன்னு தனியா இன்னாத்துக்கு?"

"பெரியவங்க எங்க வலிக்குதுன்னு சொல்லிடுவாங்க. கைப்புள்ள சொல்லுமா?"

அதற்கு மேல் கேட்க எனக்குத் தெரியவில்லை. ஆனால் யார் இந்த ஜெஸி, முன்பின் தெரியாதவர்கள் நம் பெண்ணை எதற்குப் படிக்கவைக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளாமல் இருப்புக்கொள்ளவில்லை. கிளம்பிவிட்டேன்.

அறக்கட்டளை என்றதும் பெரிய கட்டடமாக இருக்கும் என்று நினைத்தேன். மருந்துக் கடைக்கு மேலே ஒற்றை அறை. செபாஸ்தியான் என்கிற ஓய்வுபெற்ற வாத்தியார், அவர் மனைவி கிரேஸ், மகன் சாம். சுவரில் மூன்று வயதுப் பெண் குழந்தையின் படம், இரட்டைச் சடை. அதுதான் ஜெஸி, சாமுக்கு அக்காவாம், அவன் பிறக்கும் முன்பே போய்விட்டதாம். பயிற்சி கொடுக்கும் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்திருந்தார், பெங்களூர்க்காரர். வெளியே நாற்காலி இல்லை என்று கிரேஸ் என்னையும் உள்ளேயே உட்காரச் சொன்னார்.

மறக்க முடியாத ஒரு குழந்தையைப் பற்றி எழுதச் சொல்லி விண்ணப்பத்தில் கேட்டிருந்தார்கள். மணிமொழி தமிழில் எழுதியிருந்தாள். டாக்டரம்மாவுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. சாம்தான் அதைச் செல்போனில் போட்டு இங்கிலீஷில் மாற்றிக் கொடுத்திருந்தான்.

"குழந்தை மேலே உரம் விழுந்ததுன்னு எழுதியிருக்கீங்க," என்றார் டாக்டரம்மா. "என்ன உரம், யூரியாவா?"

மணிமொழி விழித்தாள். "யூரியாங்களா?"

"எதுவோ ஒண்ணு. கண்ணில் பட்டதா? கழுவினீங்களா? கழுவாமல் புடவையில் போட்டு உருட்டப் பார்த்தாங்கன்னு இருக்கு, மீதி ஒண்ணும் புரியலை. நீங்க பக்கத்திலேயே நின்னீங்க!"

வாத்தியார் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். "டேய் சாம், இன்னாடா பண்ணி வச்சிருக்க? வயலுக்குப் போடற உரமாடா அது?"

"எனக்கு இன்னாப்பா தெரியும்? போன்ல அப்பிடித்தான் வந்துச்சு."

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "அம்மா, பச்சப்புள்ளைய ஏடாகூடமா தூக்கினா கழுத்து, முதுவு பிசகிக்கும். அதத்தான் உரம் விழுந்துச்சுன்னு சொல்றது. பழம்புடவையில படுக்க வச்சி ரெண்டு பக்கமும் புடிச்சி உருட்டுவாங்க, சரியாப்பூடும்னு."

டாக்டரம்மாவும் சிரித்துவிட்டார். ஆனால் விடவில்லை. "சரி, அப்படியே இருக்கட்டும். ஆறு மாசக் குழந்தையை உருட்ட விட்டீங்களா, தடுத்தீங்களா? இதை வச்சுத்தான் நான் முடிவு பண்ணணும்."

மணிமொழி நிதானமாகவே சொன்னாள்.

"தடுத்தா கதவ சாத்திக்கினு உருட்டுவாங்கங்க. அந்தப் புள்ள பால் குடிக்கலன்னு அவங்கம்மா செல்லியம்மா புடவைய விரிச்சிட்டாங்க. நான் சட்டையத் தூக்கி மூச்ச எண்ணினேன். நிமிசத்துக்கு அறுவத்தஞ்சு. விலா உள்ள இழுத்துக்கினு இருந்துச்சு. உரம் விழுந்த புள்ள வீல்னு கத்தும். இது சத்தமே போடல. அழுவாத புள்ளைய உருட்டக் கூடாது, உருட்டினா உரம் உள்ள எறங்கிடும்னு சொன்னேன். பயந்துகினு ஜீப்புல ஏறிட்டாங்க."

"அப்படி ஒரு வழக்கம் இருக்கா?"

"இல்லீங்க. நான் அங்கியே கட்டிவுட்டதுங்க." தலையைக் குனிந்துகொண்டாள். "நிமோனியா. புள்ள பொழச்சிடுச்சிங்க."

"அப்போ பொய் சொல்லியிருக்கீங்க."

"ஆமாங்க. இப்ப நாலு ஊருல அதையே சொல்லிக்கினு இருக்காங்க. அழுவாத புள்ளைய நேரா எங்கிட்ட தூக்கினு வராங்க. அந்தப் பொய்ய எப்பிடித் திருப்பி வாங்கறது, வாங்கணுமா வேணாமான்னே தெரியலீங்க. அதெல்லாம் தெரிஞ்சிக்கதான் வந்தேன்."

அதுவரை எதுவும் கேட்காமல் இருந்த கிரேஸ் அப்போதுதான் பேசினார்.

"எங்க ஜெஸியும் அழுவலம்மா. ரெண்டு நாள் ஜுரம், சத்தமே இல்ல. ஆஸ்பத்திரியில பக்கத்துக் கட்டில் புள்ளைங்க கத்திச்சிங்க, நர்ஸுங்க எல்லாரும் அங்க ஓடினாங்க. சமத்துப் பொண்ணுன்னு எங்கிட்ட சொல்லிட்டுப் போனாங்க. நானும் சந்தோசப்பட்டேன்."

நான் தெரிந்துகொள்ள வந்தது இதுதான். தெரிந்தபிறகு அந்தப் படத்தின் பக்கம் திரும்ப முடியவில்லை.

வாத்தியார் டாக்டரம்மாவைப் பார்த்தார். டாக்டரம்மா சம்மதமாகத் தலையை ஆட்டினார். "திங்கட்கிழமை சேரணும், மணிமொழி. வர முடியுமா?"

அவள் என்னைப் பார்த்தாள். இவள் சரி என்று சொல்லித் தொலைக்கக் கூடாதா என்று எனக்குப் பதற்றம்.

"புதன்கிழமை தடுப்பூசி நாளுங்க. பதினோரு புள்ளைங்க. எனக்குப் பதிலா இன்னும் ஆள் போடல. அத முடிச்சிட்டு வியாழக்கிழமை வரட்டுங்களா?"

"வியாழக்கிழமை. காலை எட்டு மணி," என்று டாக்டரம்மா எழுதிக்கொண்டார்.