முக்கால் ஏக்கர் ஏரி

கோவிந்தப்பாவின் நிலத்துக்குத் தண்ணீர் எந்தக் காலத்திலும் கேட்டவுடன் வந்ததில்லை. அத்திபெலேயைத் தாண்டி, கல் குவாரிகளுக்கு நடுவே கிடக்கும் முக்கால் ஏக்கர் அது. வேப்பனப்பள்ளிப் பக்கத்திலிருந்து குவாரி வேலைக்கு வந்தபோது அவர் வெறும் கோவிந்தன்தான். ஊர்க்காரர்கள் தங்கள் வாய்க்கு வசதியாக ஒரு அப்பாவைச் சேர்த்துவிட்டார்கள், அவரும் மறுக்கவில்லை. யாரும் சீந்தாத அந்தக் கல்லாங்காட்டை அவர் வாங்கினார் என்று கேட்டுக் குவாரியே சிரித்தது.

பகலில் குவாரியில் கல் உடைத்தார். பொழுது சாய்ந்தால் சொந்த நிலத்தில் கல் பொறுக்கினார். மனைவி சின்னத்தாயி கூடை கூடையாகச் சுமந்து ஓரத்தில் கொட்டினாள். இப்படி மூன்று வருடம். அந்தக் கல்லே வீட்டுக்குச் சுவராயிற்று, மிச்சம் வேலியாயிற்று. மூத்த குழந்தை வயிற்றுப்போக்கில் போனபோது அந்த வேலியோரம்தான் புதைத்தார்கள். அதற்குப் பிறகு நிலத்தை யார் விலைக்குக் கேட்டாலும் சின்னத்தாயி காதில் வாங்குவதில்லை.

போர்வெல் மூன்று போட்டார்கள். இரண்டில் புகைதான் வந்தது. மூன்றாவதில் சுண்டுவிரல் கனத்துக்குத் தண்ணீர். அதை வைத்துக்கொண்டு முளைக்கீரை, தண்டுக்கீரை, மணத்தக்காளி என்று மாற்றி மாற்றிப் போட்டு, முப்பது வருடமாக அத்திபெலே சந்தைக்குக் கட்டுக்கட்டாகக் கொண்டுபோனாள் சின்னத்தாயி. சந்தையில் பாதிப் பேர் தமிழ் பேசுவதால் அவளுக்குக் கன்னடம் தேவைப்படவே இல்லை. வினையே அங்கேதான் வந்தது.

போன ஐப்பசியில் பயிர்க் கணக்கெடுக்க சேஷகிரி என்றொருவர் வந்தார். ஏஜென்சி ஆள், ஒரே நாளில் அறுபது நிலம் முடிக்க வேண்டிய அவசரம் அவருக்கு. கோவிந்தப்பா உரம் வாங்கப் போயிருந்தார். விதைத்து நாலு நாள்தான் ஆகியிருந்தது, முளை வெளியே தெரியவில்லை. முந்தின நாள் மழையில் பாத்தியெல்லாம் தண்ணீர் கட்டி நின்றது. சாலையை விட்டு இறங்காமலே, "இல்லி ஏனிதெ அம்மா?" என்று கேட்டார் சேஷகிரி. இங்கே என்ன இருக்கிறது என்று கேட்கிறார் என்பது அவளுக்குப் புரிந்தது.

"கீரை," என்றாள்.

குவாரி லாரி ஒன்று இரைந்துகொண்டு போனது. கன்னடத்தில் கெரெ என்றால் ஏரி. அவர் தண்ணீரைப் பார்த்தார், போனில் தட்டினார், போய்விட்டார்.

தை மாதம் நோட்டீஸ் வந்தது. மகள் மமதா கன்னடப் பள்ளியில் படித்தவள், சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறவள். அவள்தான் படித்துச் சொன்னாள்.

"அப்பா, நம்ம நிலம் ஏரியாம். நாம ஏரிய ஆக்கிரமிச்சிருக்கோமாம். முப்பது நாள்ல காலி பண்ணணுமாம்."

"ஏரியா? எங்க இருக்குன்னு காட்டச் சொல்லு. ஒரு கொடம் மொண்டுக்கலாம்."

கணக்கெடுக்க வந்தவரிடம் என்ன சொன்னாய் என்று மமதா அம்மாவைக் கிளறியபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

"கீரைன்னேன். கீரையக் கீரைன்னு சொல்லாம வேற என்னான்னு சொல்றது?"

கோவிந்தப்பாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "முப்பது வருசமா இந்த ஊருல இருக்கற. கீரைக்குக் கன்னடத்துல சொப்புன்னு ஒரு வார்த்த வரல உனக்கு. நெலத்தையே முழுங்கிட்டியேடி," என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்.  அன்றிலிருந்து சின்னத்தாயி வெளியாட்கள் முன்னால் வாயையே திறப்பதில்லை.

கோவிந்தப்பா தாலுகா அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். போட்டோ கொண்டுவா என்றார்கள். மமதா எடுத்த போட்டோவில், அப்போதுதான் நீர் பாய்ச்சிய பாத்தி பளபளத்தது. "நீரு இதெயல்லப்பா," தண்ணீர் நிற்கிறதே என்று கிளார்க் அதை அவரிடமே திருப்பிக் காட்டினார். ஒரு வாரம் பாய்ச்சாமல் காயவிட்டு வேறு போட்டோ எடுத்துப் போனார். கீரையும் வாடிச் சுருண்டிருந்தது. பயிரைக் காணோமே, ஏரி வற்றிக் கிடக்கிறது என்றார்கள். அவருக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. வராத தண்ணீருக்குக் காத்திருந்தே பாதி ஆயுசு போயிற்று. மீதி ஆயுசு, அது வரவே இல்லை என்று நிரூபிப்பதில் போகிறது.

இருபத்தெட்டாம் நாள் வருவாய் ஆய்வாளர் நேரில் வந்தார். நல்ல மனுஷர், செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் இறங்கினார். சுற்றிப் பார்த்துவிட்டு, என்ன பயிர் என்று சின்னத்தாயியிடம் கன்னடத்தில் கேட்டார். கோவிந்தப்பா முந்திக்கொண்டு வாயெடுத்தார்.

"அம்மா ஹேளலி," அம்மாவே சொல்லட்டும் என்று ஆய்வாளர் கையமர்த்தினார். முதலில் சொன்னது அம்மாதானே, மாற்றிச் சொல்ல வேண்டியதும் அம்மாதான்.

சின்னத்தாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தான் போட்ட கூச்சல் அப்போதுதான் கோவிந்தப்பாவுக்கு உறைத்தது. அவள் குனிந்தாள். காயாமல் தப்பியிருந்த தண்டுக்கீரையை ஒரு பிடி வேரோடு பிடுங்கி, மண்ணைக்கூட உதறாமல் அந்த மனுஷர் கையில் வைத்தாள்.

"தண்ட்டு சொப்பு," என்று சொல்லிக்கொண்டே அவர் எழுதினார். இனி காலி செய்ய வேண்டாம், ஆனால் பதிவில் ஏரி என்பது மாற இரண்டு மூன்று மாதம் ஆகும் என்றார்.

ஜீப் போனதும் கோவிந்தப்பா குரலைத் தணித்துக்கொண்டு, "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல," என்றார்.

"இத்தன வருசத்துல என்னக் கேட்டு எழுதிக்கினது அந்த ஒரு வார்த்ததான். அவன் தப்பா எழுதுனான். நீ என்னியத் திட்டுன."

 அவள் போய் மோட்டாரைப் போட்டாள். காய்ந்த பாத்திக்குச் சுண்டுவிரல் கனத்துக்குத் தண்ணீர் வந்தது.